ஈஸ்ட் வில்லேஜ் கலை வட்டாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூயார்க்கில் வேலை பார்க்கிறேன். மாலை நேரங்களில் ஈஸ்ட் வில்லேஜின் சிறு அரங்குகளுக்குப் போவேன். சில இடங்களில் வாசலில் நின்று டிக்கெட் சரிபார்த்து ஆட்களை உட்காரவைக்கும் வேலையையும் சம்பளமில்லாமல் செய்வேன். புதிதாக ஊரிலிருந்து வருபவர்களும், அலுவலக நண்பர்களும், மகளையோ மகனையோ இங்கே படிக்க அனுப்பிய பெற்றோரும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன்.

"மன்ஹாட்டன் நடுவுல ஏது வில்லேஜ்? அது எங்க இருக்கு?"

மன்ஹாட்டனின் தென்பகுதியில் 14-ஆம் தெருவுக்கும் ஹவுஸ்டன் தெருவுக்கும் இடையே, மூன்றாம் அவென்யூவிலிருந்து கிழக்கே ஈஸ்ட் நதி வரை உள்ள பகுதி. இதற்கு மேற்கே இருப்பது கிரீனிச் வில்லேஜ். எழுத்தாளர்களும் ஓவியர்களும் நெடுங்காலம் குடியிருந்த பேட்டை அதுதான். அங்கே வாடகை ஏறியபோது ஆட்கள் கிழக்கே நகர்ந்தார்கள். அதுவரை லோயர் ஈஸ்ட் சைடின் ஒரு துண்டாக இருந்த இடத்துக்கு 1960-களில் ஈஸ்ட் வில்லேஜ் என்ற பெயர் பரவியது. வீட்டுத் தரகர்களுக்கு அந்தப் பெயர் மிகவும் பிடித்துப்போனது.

கிழக்கு ஓரத்தில் ஏ, பி, சி, டி என்று எழுத்துகளைப் பெயராகக் கொண்ட நான்கு அவென்யூக்கள் இருக்கின்றன. அங்கே வாழ்ந்த போர்ட்டோ ரிக்கோ மக்கள் தங்கள் பகுதியை 'லோயிசைடா' என்றார்கள். இன்றும் அவென்யூ சி-யின் பெயர்ப்பலகையில் அந்தப் பெயரையும் பார்க்கலாம்.

"கலைஞர்கள் ஏன் இந்த ஏரியாவைத் தேடி வந்தாங்க? அப்படி என்ன விசேஷம்?"

வாடகை குறைவு. மற்ற எல்லாக் காரணமும் அதற்குப் பிறகுதான். 19-ஆம் நூற்றாண்டில் குடியேறிகளுக்காகக் கட்டிய ஐந்து, ஆறு மாடிக் குடியிருப்புகள் இவை. லிஃப்ட் கிடையாது. பல வீடுகளில் குளிக்கும் தொட்டி சமையலறையில் இருக்கும். ஜெர்மானியர், யூதர், உக்ரேனியர், போலந்துக்காரர், போர்ட்டோ ரிக்கோக்காரர் என்று அலை அலையாக வந்தவர்கள் இந்த வீடுகளில்தான் வாழ்ந்தார்கள். மூன்றாம் அவென்யூவின் மேல் ஓடிய உயரப்பாதை ரயில் 1955-இல் நிறுத்தப்பட்டு, இரும்புத் தூண்கள் அகற்றப்பட்டன. தெருவில் வெளிச்சம் விழுந்தது. மேற்குப் பக்கத்திலிருந்து நடந்து வரத் தயங்கியவர்களும் வரத் தொடங்கினார்கள்.

இன்னொன்றும் உண்டு. மேடை இந்தப் பகுதிக்குப் புதிதில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டாம் அவென்யூ முழுக்க யூதர்களின் யிடிஷ் மொழி நாடக அரங்குகள் இருந்தன. 12-ஆம் தெரு முனையில் 1926-இல் திறந்த ஓர் அரங்கம் இன்று சினிமா தியேட்டராக இருக்கிறது. அதன் மாடியைப் பற்றிக் கீழே மறுபடி சொல்ல வேண்டியிருக்கும்.

"பிராட்வே தெரியும். ஆஃப்-பிராட்வே, ஆஃப்-ஆஃப்-பிராட்வேன்னு அடுக்குறாங்களே, அது என்ன கணக்கு?"

நாடக அரங்குகளின் இருக்கைக் கணக்கு. 500 இருக்கையோ அதற்கு மேலோ என்றால் பிராட்வே, 100 முதல் 499 வரை ஆஃப்-பிராட்வே, 100-க்குக் கீழே ஆஃப்-ஆஃப். நடிகர் சங்க ஒப்பந்தங்கள் இந்த அளவை வைத்தே எழுதப்படுகின்றன. அதனால் பல அரங்குகளில் சரியாக 99 இருக்கைகள் இருப்பதைப் பார்ப்பீர்கள்.

கடைசி வகை காபிக்கடைகளில் பிறந்தது. கிரீனிச் வில்லேஜின் கார்னீலியா தெருவில் ஜோ சீனோ என்பவர் 1958-இல் ஒரு காபிக்கடை திறந்தார். எட்டடிக்கு எட்டடி மேடை. எழுதிக்கொண்டு வந்தவர்களுக்கு நாள் ஒதுக்கினார். நாடகம் முடிந்ததும் தொப்பியை ஏந்தி வருவார்கள், நம் ஊர்க் கூத்தில் தட்டு வருவதைப் போல. கடை 1968-இல் மூடப்பட்டது. பத்தே வருடம்தான். ஆனால் நாடகம் போட முதலாளியும் பெரிய அரங்கமும் தேவையில்லை என்பதை ஊருக்குக் காட்டிவிட்டது.

"லா மாமா, லா மாமான்னு எல்லாரும் சொல்றாங்க. யாரு அந்த அம்மா?"

எலன் ஸ்டூவர்ட். லா மாமா என்ற நாடக அரங்கை நிறுவிய கறுப்பினப் பெண்மணி. சாக்ஸ் என்ற பெரிய ஜவுளி அங்காடிக்கு உடை வடிவமைத்துக்கொண்டிருந்தார். நாடகம் எழுதும் தம்பி முறையான ஒருவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் மேடை வேண்டும் என்பதற்காக 1961-இல் கிழக்கு 9-ஆம் தெருவில் ஒரு நிலவறையை வாடகைக்கு எடுத்தார். ஒரு கறுப்பினப் பெண்ணின் நிலவறைக்கு வெள்ளைக்கார ஆண்கள் வந்து போவதைக் கண்ட அக்கம்பக்கத்தார் அங்கே விபச்சாரம் நடக்கிறது என்று புகார் கொடுத்தார்கள். விசாரிக்க வந்த அதிகாரி முன்பு மேடைக் கலைஞராக இருந்தவராம். காபிக்கடை உரிமம் வாங்கிக்கொண்டால் பிரச்சினை இராது என்று அவரே வழி சொன்னார். எல்லாரும் எலனை 'மாமா' என்று கூப்பிட்டதால் கடைக்கு அந்தப் பெயர் வந்தது. ஆங்கிலத்தில் அது அம்மாவைக் குறிக்கும், நம் மாமா இல்லை.

உரிமச் சிக்கல்களால் இடம் மாறி மாறி, 1969-இல் கிழக்கு 4-ஆம் தெருவில் சொந்தக் கட்டடத்துக்கு வந்தார்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்னும் எலன் கைமணியை அடித்து வரவேற்பார். நாடகப் பிரதியைப் படித்து முடிவு செய்வதைவிட ஆளைப் பார்த்து, தன் உள்ளுணர்வை நம்பியே மேடை கொடுத்தார். உலகின் பல நாடுகளிலிருந்து குழுக்களை வரவழைத்தார். 2011-இல், 91 வயதில் காலமானார். இந்த வட்டாரத்தில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் அங்கே போங்கள் என்பேன்.

"பெர்ஃபார்மன்ஸ் ஆர்ட்னா நாடகமா, டான்ஸா? ஒண்ணுமே புரியல."

நாடகத்தில் நடிகர் இன்னொருவராக நடிப்பார். பெர்ஃபார்மன்ஸ் கலையில் பெரும்பாலும் அப்படி யாராகவும் நடிப்பதில்லை. தன் உடலையும் நேரத்தையும் வைத்து ஒரு காரியத்தை உண்மையாகவே செய்கிறார். அந்தச் செயல்தான் படைப்பு.

எனக்குத் தெளிவாகப் புரியவைத்தது ஒரு கயிறு. தைவானிலிருந்து வந்து நியூயார்க்கில் வாழ்ந்த டெச்சிங் ஷே, லிண்டா மொன்டானோ என்ற பெண் கலைஞர் இருவரும் 1983 ஜூலை 4 முதல் 1984 ஜூலை 4 வரை எட்டடிக் கயிற்றால் இடுப்பில் பிணைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். ஒருவரையொருவர் தொடக்கூடாது என்பது நிபந்தனை. தூக்கம், வேலை, கடைக்குப் போவது எல்லாம் கயிற்றோடுதான். சண்டை வந்தாலும் விலகிப்போக முடியாது. இன்னொரு மனிதரோடு சேர்ந்து வாழ்வதில் எவ்வளவு கட்டுப்பாடு, எவ்வளவு பொறுமை இருக்கிறது என்பதை நடித்துக்காட்டாமல் ஒரு வருடம் அனுபவித்துக் காட்டினார்கள். இதைக் கேட்டு "இதெல்லாம் ஒரு கலையா?" என்று கோபப்படுபவர்களும் உண்டு. அந்தக் கோபத்தோடு இன்னும் கொஞ்சம் யோசித்தால் போதும்.

"டான்ஸ்னு கூட்டிட்டுப் போனாங்க. சும்மா நடந்தாங்க, உட்கார்ந்தாங்க, எழுந்தாங்க. அதுக்கு எதுக்கு மேடை?"

அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1962 ஜூலை 6 அன்று வாஷிங்டன் சதுக்கத்தின் தெற்கே உள்ள ஜட்சன் நினைவுத் தேவாலயத்தில் இளம் நடனக் கலைஞர்கள் சிலர் ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். இவோன் ரெய்னர், ஸ்டீவ் பாக்ஸ்டன் போன்றவர்கள். கால் தூக்கும் உயரத்தையும் சுழலும் வேகத்தையும் ஒதுக்கிவிட்டு, நடப்பது, சுமப்பது, விழுவது என்று அன்றாட அசைவுகளைக் கூர்ந்து பார்க்க வைத்தார்கள். பயிற்சி பெற்ற உடல் சாதாரணமாக நடக்கும்போது அதில் தெரியும் கவனத்தைத்தான் அவர்கள் உங்களிடம் காட்ட விரும்பினார்கள். உடனே பிடிக்காது. இரண்டு, மூன்று முறை பார்த்தபின் கண் பழகும்.

அதே தேவாலயத்தில் மூவ்மென்ட் ரிசர்ச் என்ற அமைப்பு திங்கட்கிழமை மாலைகளில் இலவச நடன நிகழ்ச்சிகள் நடத்துகிறது. பாதி முடிந்த படைப்புகளைக்கூட அங்கே பார்க்கலாம். சாப்பாட்டுக்கு ஒரு தகவல்: பக்கத்துச் சதுக்கத்தின் தெற்கு ஓரத்தில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் தோசை வண்டி நெடுங்காலம் பெயர் பெற்றிருந்தது. மாணவர்களும் நடனக்காரர்களும் அங்கே வரிசையில் நின்றிருக்கிறார்கள்.

"எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. போனா முழிப்பேனோ?"

நடனத்துக்கும் பெர்ஃபார்மன்ஸுக்கும் அதிகம் தேவைப்படாது. நாடகத்துக்குக் கொஞ்சம் வேண்டும். போவதற்கு முன் அரங்கின் இணையதளத்தில் இருக்கும் கதைக் குறிப்பைப் படித்துவிட்டுப் போங்கள். கவிதை வாசிப்புகள்தான் கடினம்.

பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் முழுதாகப் புரிந்திருக்காது. நிகழ்ச்சி முடிந்து கலைஞரோடு பேசும் நேரம் இருந்தால், "அந்த இடத்தில் ஏன் அப்படிச் செய்தீர்கள்?" என்று எளிமையாகக் கேட்கலாம். பெரும்பாலானவர்கள் நின்று பதில் சொல்வார்கள். சிறிய அரங்குகளின் பெரிய நன்மை அதுதான்.

"டிக்கெட் எவ்வளவு? டிப்ஸ் எல்லாம் குடுக்கணுமா?"

பிராட்வே விலையில் சிறு பங்குதான். பல இடங்களில் 'முடிந்ததைக் கொடுங்கள்' முறையும் உண்டு. ஒரு டாலர் மட்டும் கொடுக்க முடிகிறது என்றால் அதற்காகக் கூச வேண்டாம். சம்பளம் நன்றாக வருகிறது என்றால் முழு விலை கொடுங்கள். மேடையில் இருப்பவர் அந்தப் பணத்தை உண்மையிலேயே எதிர்பார்க்கிறார்.

மதுக்கூடத்தோடு சேர்ந்த மேடைகளில் இரண்டு பானம் கட்டாயம் என்று போட்டிருக்கும். சோடா, பழச்சாறும் கணக்கில் சேரும். பரிமாறுபவருக்கு டிப்ஸ் தர மறக்காதீர்கள். அவரும் வேறொரு நாள் மேடை ஏறுபவராக இருக்கலாம்.

"மேடையில துணியில்லாம வருவாங்களாமே? பசங்களைக் கூட்டிட்டுப் போகலாமா?"

சில நிகழ்ச்சிகளில் வருவார்கள். உடலையே மொழியாகக் கொண்ட கலையில் அது நடக்கும். அறிவிப்பில் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். சந்தேகம் இருந்தால் அரங்கிற்குப் போன் செய்து வயது வரம்பு கேளுங்கள், மரியாதையாகச் சொல்வார்கள். போன பிறகு படம் எடுப்பது மட்டும் கூடவே கூடாது.

பிள்ளைகளுக்கென்றால் டாம்கின்ஸ் சதுக்கப் பூங்காவுக்குப் போங்கள். ஜாஸ் மேதை சார்லி பார்க்கர் 1950-களின் தொடக்கத்தில் அதன் கிழக்கு ஓரத்தில், அவென்யூ பி-யில் குடியிருந்தார். அவர் பெயரில் கோடை முடிவில் அந்தப் பூங்காவில் இலவச ஜாஸ் விழா நடக்கும். பாயை எடுத்துக்கொண்டு போகலாம்.

"கவிதைக்கு மார்க் போடுவாங்களாமே? அது எப்படிங்க?"

ஸ்லாம் என்று பெயர். 1980-களில் சிகாகோவில் தொடங்கியது. இங்கே அதை வளர்த்தது கிழக்கு 3-ஆம் தெருவில் உள்ள நியூயோரிகன் கவிஞர் காபிக்கடை. நியூயார்க்கில் வளர்ந்த போர்ட்டோ ரிக்கோக் கவிஞர்களுக்காக மிகெல் அல்கரின் 1970-களில் தன் வீட்டு முன்னறையில் தொடங்கிய கூடல் அது. பார்வையாளர்களிலிருந்து ஐந்து பேரை நடுவர்களாகத் தேர்ந்தெடுப்பார்கள். கவிதையைப் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பத்துக்கு எவ்வளவு என்று அட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். மிக அதிகத்தையும் மிகக் குறைவையும் கழித்துவிட்டு மீதி மூன்றைக் கூட்டுவார்கள். கவிஞருக்கு மூன்று நிமிடம். பத்து விநாடி சலுகை உண்டு, அதற்கு மேல் போனால் மதிப்பெண் குறையும்.

மதிப்பெண் குறைந்தால் கூட்டம் கவிஞர் பக்கம் நின்று நடுவரைக் கூச்சலிட்டு எதிர்க்கும். எழுத்தைவிடக் குரலும் உடலும் ஜெயிக்கும் வடிவம் என்பது என் கருத்து. ஆனால் வாசிப்புக்கு வராதவர்களைக் கவிதைக்கு இழுத்துவந்தது அதுதான். 2023 இறுதியில் புதுப்பிப்புக்காகக் கட்டடத்தை மூடினார்கள், விசாரித்துவிட்டுப் போங்கள். மதிப்பெண் இல்லாத கவிதை வேண்டுமென்றால் இரண்டாம் அவென்யூவில் செயின்ட் மார்க் தேவாலயத்தில் 1966 முதல் நடக்கும் பொயட்ரி ப்ராஜெக்ட் இருக்கிறது. புத்தாண்டு அன்று மணிக்கணக்காக, நூற்றுக்கு மேற்பட்டவர்கள் வரிசையாக வாசிப்பார்கள். ராக் பாடகி பேட்டி ஸ்மித் 1971 பிப்ரவரியில் மின்கிதார் துணையோடு முதன்முதலாகக் கவிதை வாசித்தது அந்தத் தேவாலயத்தில்தான்.

"சிபிஜிபின்னு டீ-ஷர்ட் போட்டுட்டு சுத்துறாங்களே, அந்த இடம் இருக்கா?"

இல்லை. பவரி சாலையில் ஹில்லி கிறிஸ்டல் 1973 இறுதியில் திறந்த மதுக்கூடம் அது. கன்ட்ரி, புளூகிராஸ், புளூஸ் என்ற இசை வகைகளின் முதலெழுத்துகள்தான் பெயர். ஆனால் அங்கே வளர்ந்தது வேகமும் ஆவேசமுமான பங்க் இசை. பிறர் பாட்டைப் பாடக்கூடாது, சொந்தப் பாட்டுதான் என்பது கடையின் விதி. வாடகைத் தகராறில் 2006 அக்டோபரில் மூடப்பட்டது. பிறகு அந்த இடத்தில் விலையுயர்ந்த ஆண்கள் துணிக்கடை வந்தது.

"இவங்க எல்லாம் சாப்பாட்டுக்கு என்ன பண்றாங்க?"

வேலை பார்க்கிறார்கள். உணவகத்தில் பரிமாறுவது, பிழைதிருத்துவது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, அரங்குகளில் விளக்கு கட்டுவது, பள்ளியில் பாடம் எடுப்பது. காலையில் வேலை, மாலையில் ஒத்திகை, இரவில் நிகழ்ச்சி. சிறு அரங்குகளில் ஒரு நாடகத்துக்கு நடிகருக்குக் கிடைப்பது சில நேரம் போக்குவரத்துச் செலவு மட்டுமே. இவர்களைச் சோம்பேறிகள் என்று நினைப்பவர்களை ஒரு வாரம் கூட இருந்து பார்க்கச் சொல்வேன்.

கலைஞர் என்றால் எப்போதும் போதையில் இருப்பவர் என்று பலர் கேட்கிறார்கள். 1970-களிலும் 80-களிலும் இந்தத் தெருக்களில் ஹெராயின் வெளிப்படையாக விற்றது உண்மை. கலைஞர்கள் சிலரும் அதில் அழிந்தார்கள். ஆனால் அந்தச் சந்தை பெரும்பாலும் வேலையில்லாமல் கைவிடப்பட்ட மக்களின் துயரத்தில் நடந்தது. ஒத்திகைக்கு நேரத்துக்கு வராதவருக்கு அப்போதும் சரி, இப்போதும் சரி, அடுத்த நாடகம் கிடைக்காது.

"காலிக் கட்டடத்துல பூட்டை உடைச்சுக் குடியேறினாங்களாமே. அது தப்பில்லையா?"

சட்டப்படி தப்பு. ஆனால் அன்றைய நிலையையும் பாருங்கள். 1970-களின் நடுவில் நியூயார்க் நகரம் திவாலின் விளிம்பில் இருந்தது. உரிமையாளர்கள் வரி கட்டாமல் கட்டடங்களைக் கைவிட்டார்கள். காப்பீட்டுப் பணத்துக்காகத் தீ வைத்ததும் உண்டு. வரி பாக்கிக்காக அவை நகராட்சியின் கையில் வந்து பூட்டிக் கிடந்தன. வீடில்லாதவர்கள் வெளியே இருந்தார்கள். குடியேறியவர்கள் தாங்களே கூரை போட்டு, குழாய் பதித்து, படி கட்டினார்கள். குப்பைமேடாகக் கிடந்த காலிமனைகளைத் தோட்டமாக்கினார்கள். அந்தத் தோட்டங்கள் சிலவற்றில் இன்றும் நாடகமும் இசையும் நடக்கின்றன.

1980 புத்தாண்டையொட்டிக் கலைஞர்கள் சிலர் டெலான்சி தெருவில் நகராட்சிக்குச் சொந்தமான காலிக் கட்டடத்தில் நுழைந்து, நில வியாபாரத்தைப் பற்றியே ஓவியக் கண்காட்சி வைத்தார்கள். உடனே பூட்டினார்கள். பேச்சுவார்த்தையில் பக்கத்து ரிவிங்டன் தெருவில் வேறோர் இடம் கிடைத்தது. எதிரே இருந்த ஸ்பானிய மொழி வழக்கறிஞர் பலகையில் உதிர்ந்துபோக மிஞ்சிய எழுத்துகளைக் கொண்டு அதற்கு ஏபிசி நோ ரியோ என்று பெயர் வைத்தார்கள். பழைய கட்டடம் 2017-இல் இடிக்கப்பட்டது. 2002-இல் நகராட்சி, மக்கள் குடியேறிய 11 கட்டடங்களைத் தலா ஒரு டாலருக்கு ஒரு வீட்டுவசதித் தொண்டு அமைப்பின் வழியாகக் குடியிருப்பவர்களுக்கே மாற்றித்தர ஒப்புக்கொண்டது. சட்டமும் கடைசியில் அவர்கள் உழைப்பை ஏற்றுக்கொண்டது என்றே நான் பார்க்கிறேன்.

"80-கள்ல அங்க இருந்த ஆர்ட்டிஸ்ட்ஸ் ஏன் இவ்வளவு பேர் சின்ன வயசுலயே செத்துட்டாங்க?"

எய்ட்ஸ். இதை விரிவாகச் சொல்லாமல் இந்த வட்டாரத்தைப் பற்றிப் பேச முடியாது. ஒருபால் ஈர்ப்பு கொண்டவர்கள் வீட்டை விட்டு வந்து தங்கள் பெயரில் வாழ முடிந்த இடம் இது. செயின்ட் மார்க்ஸ் பிளேஸ் தெருவில் ஒரு போலந்துத் தேவாலயத்தின் நிலவறையில் இருந்த கிளப் 57, அவென்யூ ஏ-யில் இருந்த பிரமிட் கிளப் போன்ற இடங்களில் ஓவியரும் பாடகரும் பெண் வேடமிடும் கலைஞரும் ஒரே இரவில் ஒரே மேடையில் ஏறினார்கள். விண்வெளியிலிருந்து இறங்கியவர் போல வேடமிட்டு ஆபரா பாடிய கிளாஸ் நோமி 1983-இல் இறந்தார். சுரங்க ரயில் நிலையங்களில் காலியாக இருந்த விளம்பரப் பலகைகளின் கறுப்புத் தாளில் சுண்ணக்கட்டியால் வரைந்து ஊரையே கவர்ந்த கீத் ஹேரிங் 1990-இல், 31 வயதில் போனார்.

மேலே சொன்ன பழைய யிடிஷ் அரங்கின் மாடியில் புகைப்படக் கலைஞர் பீட்டர் ஹூஜார் வாழ்ந்தார். 1987-இல் அவர் இறந்தபின் அவருடைய நண்பர், ஓவியரும் எழுத்தாளருமான டேவிட் வொய்னாரோவிச் அதே வீட்டில் குடியிருந்தார். அவரும் 1992 ஜூலையில், 37 வயதில் இறந்தார். நண்பர்கள் அவருக்காக ஈஸ்ட் வில்லேஜ் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். நோயைக் கண்டுகொள்ளாத அரசுக்கு எதிரான போராட்டமாகவும் இருந்தது அந்த இறுதி ஊர்வலம். ஒரு தலைமுறை இயக்குநர்கள், ஆசிரியர்கள், அவர்களோடு முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்த ரசிகர்கள் எல்லாரும் சில வருடங்களில் மறைந்தார்கள். இன்று அறுபதைத் தாண்டிய கலைஞர்களிடம் பேசும்போது அவர்கள் சொல்லும் பெயர்களில் பாதிப்பேர் உயிரோடு இருக்கமாட்டார்கள். அவசரப்படாமல் கேளுங்கள்.

"கவர்மென்ட் காசுல இப்படிக் கண்டதையும் போடலாமா?"

இதே கேள்வி 1990-இல் அமெரிக்காவை உலுக்கியது. அரசின் தேசியக் கலை நிதியம் நான்கு பெர்ஃபார்மன்ஸ் கலைஞர்களுக்கு, வல்லுநர் குழு பரிந்துரைத்த பிறகும், உதவித்தொகையை மறுத்தது. அவர்களில் டிம் மில்லர், முதல் அவென்யூவில் கைவிடப்பட்ட பள்ளிக் கட்டடத்தில் 1980-இல் தொடங்கிய பி.எஸ். 122 அரங்கை நிறுவியவர்களில் ஒருவர். ஹாலி ஹியூஸ் 4-ஆம் தெருவின் பெண்கள் அரங்கமான வாவ் கஃபேயில் உருவானவர். வழக்குப் போட்டார்கள். 1993-இல் பணம் கிடைத்தது. ஆனால் உதவித்தொகை தரும்போது 'கண்ணியம்' என்பதைக் கருத்தில் கொள்ளலாம் என்ற சட்டப் பிரிவை உச்ச நீதிமன்றம் 1998-இல் செல்லும் என்றது.

பிடிக்காத கலைக்கும் என் வரியில் பங்கு போகட்டும் என்பதுதான் என் நிலை. எனக்குப் பிடித்ததற்கு மட்டும் போகவேண்டும் என்றால் நாளை அடுத்தவரும் அதையே சொல்வார்.

"ஆர்ட்டிஸ்ட் வந்ததாலதானே வாடகை ஏறிச்சு? அப்ப ஏழைங்க வெளியேறினதுக்கு அவங்களும் காரணம்தானே?"

ஓரளவு ஆம். 1981-இல் ஃபன் கேலரி திறந்தது. சில வருடங்களில் டஜன் கணக்கில் ஓவியக்கூடங்கள் முளைத்தன, பத்திரிகைகள் எழுதின, பணக்காரர்கள் கார்களில் வந்து இறங்கினார்கள். 80-களின் முடிவுக்குள் வாடகை தாங்காமல் அந்தக் கூடங்களே பெரும்பாலும் மூடிவிட்டன. ஆனால் லாபம் யாருக்குப் போனது என்று பாருங்கள். டாம்கின்ஸ் சதுக்கப் பூங்காவுக்கு எதிரே கிறிஸ்டோடோரா என்ற உயரமான கட்டடம் 1975-இல் 62,500 டாலருக்குக் கைமாறியது. 1983-இல் 13 லட்சம், 1984-இல் 30 லட்சம் டாலர். 1986-இல் அது ஆடம்பரக் குடியிருப்பானது. இந்தப் பணத்தைப் பார்த்தவர் எந்த ஓவியரும் இல்லை.

கைவிடப்பட்ட கட்டடங்களைக் கலைஞர்களுக்கு வீடாக விற்க நகராட்சி ஒரு திட்டம் கொண்டுவந்தபோது, அங்கே ஏற்கெனவே வாழ்ந்த ஏழை மக்கள் எதிர்த்தார்கள். கலைஞர்களிலும் பலர் அவர்களோடு நின்றார்கள். 1983-இல் அது தோற்றது. 1988 ஆகஸ்ட் 6 இரவு, பூங்காவை ஒரு மணிக்கு மூடும் ஊரடங்கை எதிர்த்தவர்களைக் காவல்துறை தடியால் அடித்து விரட்டியது. கிளேட்டன் பேட்டர்சன் என்ற உள்ளூர்க் கலைஞர் மணிக்கணக்காக எடுத்த வீடியோ முக்கியச் சாட்சியானது. ஆக, காரணத்தில் பங்கு உண்டு, எதிர்ப்பிலும் பங்கு உண்டு. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

"என் பொண்ணு ஆக்டிங் படிக்கிறா, அங்கதான் ரூம் எடுப்பேங்கிறா. தங்க விடலாமா?"

பாதுகாப்பு பற்றிய பயம் பழைய கதைகளிலிருந்து வருவது. இப்போது பெரிய நகரத்தின் எந்தப் பகுதிக்கும் உரிய எச்சரிக்கை போதும். சிக்கல் பணம்தான். ஒரு படுக்கையறை வீட்டுக்கு மாதம் 3,000 டாலருக்கு மேல் கேட்பது சாதாரணம். மாத வாடகையைப் போல நாற்பது மடங்கு ஆண்டு வருமானம் காட்டச் சொல்வார்கள். 3,000 என்றால் 1,20,000 டாலர். மாணவிக்கு அது முடியாது, உத்தரவாதம் தருபவர் வேண்டும்.

அதனால் இளம் கலைஞர்களில் மிகப் பலர் புரூக்ளினிலும் குவீன்ஸிலும் மூன்று, நான்கு பேராகச் சேர்ந்து தங்குகிறார்கள். ஒத்திகைக்கு ரயிலில் வருகிறார்கள். உங்கள் மகளும் அப்படிச் செய்யட்டும். மகள் நடிப்பைத் தேர்ந்தெடுத்ததற்காக வருத்தப்படாதீர்கள் அம்மா. அவள் முதல் நிகழ்ச்சிக்கு வீடியோ அழைப்பிலாவது பேசி வாழ்த்துங்கள்.

"ஸ்டூடண்ட் விசால இருக்கேன். நானும் மேடை ஏறலாமா?"

யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்து ஏறும் ஓபன் மைக் மேடைகளில் பணமில்லாமல் கவிதையோ பாட்டோ சொல்லலாம். சம்பளம் வாங்குவதுதான் பிரச்சினை. மாணவர் விசாவில் கல்லூரிக்கு வெளியே ஊதியம் பெற முன் அனுமதி தேவை. ஹெச்-1பி விசாவில் இருப்பவருக்கு, மனு போட்ட நிறுவனத்தைத் தவிர வேறு இடத்தில் வேலை செய்ய முடியாது. வழக்கமாகச் சம்பளம் தரும் வேலையை இலவசமாகச் செய்வதும் சிக்கலாகலாம். உங்கள் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

"இப்ப எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு சொல்றாங்களே. இன்னும் பார்க்க என்ன இருக்கு?"

முடிந்துபோனது என்று 1960-களிலும் சொன்னார்கள், 1987-இலும் சொன்னார்கள். வாழ முடியாத விலை ஆகிவிட்டது என்பது உண்மை. கலைஞர்கள் குடியிருக்கும் இடமாக இருந்தது, இப்போது வந்து நிகழ்ச்சி நடத்தும் இடமாகச் சுருங்கியிருக்கிறது. அது எனக்குப் பெரிய வருத்தம்.

இருந்தும் நிலைத்தவை எவை என்று பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். கட்டடம் கைவசம் இருந்தவர்கள் நின்றார்கள், வாடகைக்கு இருந்தவர்கள் போனார்கள். லா மாமாவும் வாவ் கஃபேயும் 4-ஆம் தெருவில் இருக்கின்றன. பழைய பள்ளிக் கட்டடம் பெர்ஃபார்மன்ஸ் ஸ்பேஸ் நியூயார்க் என்ற புதுப் பெயரோடு இயங்குகிறது. செயின்ட் மார்க் தேவாலயத்தில் கவிதையும், 1974 முதல் டான்ஸ்பேஸ் அமைப்பின் நடனமும் நடக்கின்றன. காலிக் கட்டடங்களில் குடியேறியவர்களின் கதையைச் சொல்லும் சிறு அருங்காட்சியகம் அவென்யூ சி-யில் இருக்கிறது.

"ஒரே ஒரு நாள்தான் டைம். எப்படிப் போகணும்?"

ஆறாம் எண் ரயிலில் ஆஸ்டர் பிளேஸில் இறங்குங்கள். செயின்ட் மார்க்ஸ் பிளேஸ் வழியாகக் கிழக்கே நடந்தால் டாம்கின்ஸ் சதுக்கம் வரும். அங்கிருந்து அவென்யூ சி பக்கம் போய்த் தோட்டங்களைப் பாருங்கள். பெரும்பாலும் வார இறுதிகளில் கதவு திறந்திருக்கும். மாலைக்குள் 4-ஆம் தெருவுக்கு வந்துவிடுங்கள். லா மாமாவின் பெரிய நிகழ்ச்சிக்கு இடமில்லை என்றால் சிறிய கூடத்தில் அன்று என்ன நடக்கிறது என்று டிக்கெட் மேசையில் கேளுங்கள். பெயர் தெரியாத ஒருவரின் முதல் படைப்பாக இருந்தால் அதற்கே டிக்கெட் எடுங்கள். தாமதமாகப் போனால் உள்ளே விடமாட்டார்கள், கால்மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள்.